இடது ஸ்டியரிங், குரல் உண்டு

பம்ப் ஆபரேட்டர் இறந்துபோன நாளிலிருந்து அவர் மனைவியின் குரல் காரிலேயே தங்கிவிட்டது. வீட்டில் அவள் வாயைத் திறந்தால் மூச்சு வந்தது, சொல் வரவில்லை. காரின் வலது இருக்கையில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தியதும் பழைய குரல் பழையபடி வந்தது. இறங்கினால் இருக்கையிலேயே நின்றுவிட்டது. தொண்டை டாக்டர் சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்து, குரல் நாண்கள் இரண்டும் சரியாகத்தான் சேர்ந்து பிரிகின்றன, கருவியில் பழுதில்லை, குரல்தான் வேறிடத்தில் இருக்கிறது என்றார். அதற்கு மருந்து கிடையாது என்பதை மருந்துக்கடை வைத்திருந்த மகளும் ஒப்புக்கொண்டாள். நீரேற்று நிலையத்துக் குடியிருப்பில் இருந்தவர்கள் சீக்கிரமே பழகிவிட்டார்கள். அவளிடம் ஏதாவது பேச வேண்டுமானால் ஷெட்டுக்கு வந்து வலது ஜன்னல் பக்கம் குனிந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி கண்ணாடியை இறக்கச் சொல்லி, மருமகளைப் பற்றிய அன்றைய புகார்களை ஒப்பித்து, பதிலையும் வாங்கிக்கொண்டு போனாள். காரை விற்க வேண்டிய நிலை வந்தபோதுதான் இது ஒரு பிரச்சினையாகத் தெரிந்தது.

அந்தக் கார் விலைபோகாததற்கு முதல் காரணம் குரல் அல்ல, ஸ்டியரிங். எந்த நாடானாலும் விதி ஒன்றுதான்: ஓட்டுபவர் சாலையின் நடுக்கோட்டுப் பக்கமாக உட்கார வேண்டும். இங்கே வண்டிகள் இடப்பக்கமாகப் போவதால் ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்கிறது. முன்னால் போகும் லாரியைத் தாண்ட வேண்டுமானால் வண்டியின் மூக்கைக் கொஞ்சம் வெளியே நீட்டினால் போதும், எதிரே வருவது தெரிந்துவிடும். இந்தக் கார் வண்டிகள் வலப்பக்கமாகப் போகும் நாட்டில் செய்யப்பட்டது. அதன் ஸ்டியரிங் இடப்பக்கம். இங்கே அதை ஓட்டுகிறவருக்குச் சாலையோரச் சாக்கடை, மைல் கல், படுத்திருக்கும் நாய் எல்லாம் மிகத் துல்லியமாகத் தெரியும். எதிரே வரும் பஸ் மட்டும் தெரியாது. அது தெரிய வேண்டுமானால் முழு வண்டியையும் அடுத்தவன் பாதையில் கொண்டுபோய் வைத்துத்தான் பார்க்க வேண்டும், அதற்குள் பார்க்க வேண்டியது வந்து சேர்ந்திருக்கும். விளக்கும் அப்படித்தான். பழைய கார்களின் முகப்புக் கண்ணாடியில் நுண்ணிய வரிகள் உண்டு. ஒளியைத் தாழ்த்தும்போது அவை ஒளியின் ஒரு முனையை மட்டும் சாலையோரமாகத் தூக்கிவிடும், ஓரத்தில் நடப்பவர்கள் தெரிவதற்காக. அந்த நாட்டில் ஓரம் என்பது வலப்பக்கம். இங்கே வலப்பக்கம் எதிரே வருபவனின் கண். சுருக்கமாகச் சொன்னால் அது இரண்டு பேர் சேர்ந்து ஓட்ட வேண்டிய வண்டி: இடப்பக்கம் கைகால், வலப்பக்கம் கண்.

அதைக் கப்பலில் கொண்டுவந்தவர் பம்புகளை நிறுவ வந்த வெளிநாட்டு இன்ஜினியர். ஊர் திரும்பும் காலம் வந்தபோது அவர் பலரிடம் சொல்லிப் பார்த்தார். எல்லோரும் பானெட்டைத் தடவிக் கொடுத்தார்கள், உள்ளே உட்கார்ந்து பார்த்தார்கள், யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். கடைசியில் அது ஆபரேட்டரிடம் வந்தது. அவருக்குக் கார் ஆசை கிடையாது, ஆனால் இடது காது கேட்காது. பம்பின் அளவுமானிகளைப் பார்க்க ஒரே ஓர் இடத்தில்தான் நிற்க முடியும், அங்கே நின்றால் இன்ஜின் இடது தோளுக்குப் பக்கத்தில் ஓடும். அந்தக் காது முதலில் இரைந்தது, பிறகு ஓய்ந்தது. ஒரு காதுதான் போயிற்று என்று மற்றவர்கள் நினைத்தார்கள். உண்மையில் அவருக்குப் போனது திசை. இரண்டு காதுக்கும் ஒலி ஒரே நேரத்தில் வந்து சேர்வதில்லை. அந்தச் சிறிய முந்தல் பிந்தலை வைத்துத்தான் கூப்பிடுகிறவர் எங்கே இருக்கிறார் என்று நமக்குத் தெரிகிறது. ஒற்றைக் காதுக்கு எல்லா ஒலியும் எங்கிருந்தோ வருகிறது. மனைவி சமையலறையிலிருந்து கூப்பிட்டால் அவர் வாசலைப் பார்த்து ‘என்ன?’ என்பார். கல்யாணமான புதிதில் அது அவளுக்குத் திமிராகப் பட்டது, பிறகு சுபாவமாகப் பட்டது, பிறகு அவள் கூப்பிடுவதையே குறைத்துக்கொண்டாள். வீட்டில் கத்திச் சொல்ல வேண்டியவை மட்டும் மிஞ்சின: தண்ணி வந்துருச்சு, கரண்ட் போச்சு, சாப்பிட வாங்க.

இன்ஜினியர் பின் இருக்கையில் உட்கார்ந்துகொள்ள, ஆபரேட்டர் காரை நிலையத்து மதிலைச் சுற்றி ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். மனைவி வலப்பக்கம் இருந்தாள். பின்னாலிருப்பவருக்குக் கேட்காமல் கையால் வாயை மறைத்துக்கொண்டு அவள் முணுமுணுத்தாள்: “இது நமக்கு எதுக்குங்க? வேணாம்னு சொல்லிடுங்க.” சாதாரணக் காரில் ஓட்டுபவரின் மனைவி இடப்பக்கம் இருப்பாள். இதில் அவள் அவருடைய நல்ல காதுக்கு ஒரு முழத் தூரத்தில் இருந்தாள். ஒரு சொல் விடாமல் கேட்டது. தலையைத் திருப்பாமல் அவளுடைய முணுமுணுப்பு அவருக்குக் கேட்டது அதுதான் முதல் தடவை. பிரேக்கை மிதித்து, பின்னால் திரும்பி, “எடுத்துக்கறேன்” என்றார்.

அதற்குப் பிறகு அவர்கள் பேசிய பேச்செல்லாம் சாலையில் பேசியதுதான். அவள் கண்ணானாள். எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகள் நடுவிலிருக்கும் சாலையை இரண்டு பக்கமிருந்தும் தின்கின்றன என்பதையும், நிற்பதுபோல் தெரிந்துகொண்டே பெரிதாகிற புள்ளிதான் மிக வேகமாக வருகிறது என்பதையும் யாரும் சொல்லாமலே கற்றுக்கொண்டாள். விளக்கின் ஒளி எதிரே வருபவர்களைக் குத்தாமலிருக்கக் கண்ணாடியில் முக்கோணமாகக் கறுப்பு டேப் வெட்டி ஒட்டியவளும் அவள்தான். ‘பொறுங்க’ என்பாள், ‘ஒண்ணு வருது’ என்பாள், பிறகு ‘போலாங்க, வழி இருக்கு’ என்பாள். அவர் போவார். ஒருமுறைகூட எட்டிப் பார்க்கவில்லை. ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவில், இருவரும் முன்னால் பார்த்தபடியே, முகம் பார்த்துச் சொல்ல முடியாதவற்றைச் சொல்லிக்கொண்டார்கள். மகள் வளர்ந்து, படித்து, வேறு நகரத்தில் கடை வைத்ததெல்லாம் அந்த முன் கண்ணாடிக்குள் முடிவானவை. வேண்டாம் என்று நீ சொன்னது கேட்டதால்தான் காரை வாங்கினேன் என்று ஒரு பயணத்தில் அவர் சொன்னார். அடுத்த லாரி வந்ததும் அவள் ‘பொறுங்க’ என்றாள்.

ஒரு நாள் மார்பில் வலி என்றார். ஆம்புலன்ஸுக்குச் சொல்லலாம் என்று அவள் சொல்வதற்குள் அவர் சாவியை எடுத்துவிட்டார். நெடுஞ்சாலையில் எண்ணெய் டாங்கர் ஒன்று வழியை அடைத்துக்கொண்டு போனது. ‘பொறுங்க... பொறுங்க...’ என்று அவள் சொல்லிக்கொண்டே வந்தாள், அதைவிடக் கடினமான சொல்லை அவள் சொன்னதில்லை. பிறகு ‘போலாங்க, வழி இருக்கு’ என்றாள். அவர் தாண்டினார். மருத்துவமனை முகப்பில் வண்டியை நிறுத்தி, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, கைப்பிரேக்கை இழுத்து, இன்ஜினை அணைத்து, பிறகு இறந்தார். வரிசையில் எதையும் விடவில்லை. ஆட்களைக் கூப்பிட அவள் கதவைத் திறந்து இறங்கினாள். கூப்பிட முடியவில்லை.

சில ஆண்டுகளில் நீரேற்று நிலையம் தானாக இயங்கத் தொடங்கியது. ஆபரேட்டர்களுக்கான குடியிருப்பை இடிக்கப்போவதாகவும், மழைக்காலத்துக்கு முன் காலி செய்ய வேண்டும் என்றும் சொன்னார்கள். தாயைத் தன்னிடம் அழைத்துக்கொள்ள மகள் வந்தாள். அவளுடைய அடுக்ககத்தின் அடித்தளத்தில் வண்டி நிறுத்த ஓர் இடம் இருந்தது, ஆனால் அது இடப்பக்கச் சுவரை ஒட்டிய கடைசி இடம். சரிவில் இறங்கித் திரும்பும் வழி குறுகல் என்பதால் வண்டியை முகம் முன்னாகத்தான் நுழைக்க முடியும். நுழைத்தபின் இடது கதவு ஒரு சாண்தான் திறக்கும். இடது ஸ்டியரிங் காரை அங்கே நிறுத்துகிறவர் நடுவிலிருக்கும் கியரைத் தாண்டி ஊர்ந்துதான் வெளியே வர வேண்டும். நாளெல்லாம் கடையில் நின்று கால் வீங்கிப் போகிற மகளால் அது ஆகாது. விற்றால் தாய்க்குக் குரல் இல்லை. விற்காவிட்டால் கார் தெருவில் நிற்கும், தெருவில் நிற்கும் வண்டியை நகராட்சி இழுத்துக்கொண்டு போய்விடும். மகள் இடது இருக்கையில் ஏறி உட்கார்ந்து இதையெல்லாம் தாயிடம் விளக்கினாள்.

“வித்துடு” என்றாள் தாய், முன்னால் பார்த்தபடியே. “கேக்கறவர் போயிட்டாரு. குரலை வச்சுக்கிட்டு என்ன பண்ணப்போறேன்?”

“நான் கேக்க மாட்டேனாம்மா?”

“நீ எங்கடி கேக்கற? நான் பாதி சொல்றதுக்குள்ள பதில் சொல்லிடுவ.”

“அப்படியெல்லாம் ஒண்ணுமில்...”

“பாத்தியா.”

மகள் விளம்பரம் கொடுத்தாள். அவள் தொழிலில் எதையும் மறைத்து விற்கும் பழக்கம் இல்லை. ‘பழைய வெளிநாட்டுக் கார். இடது ஸ்டியரிங். நல்ல நிலை. குரல் உண்டு’ என்றே போட்டாள். முதலில் வந்தவர் நிலத் தரகர், தனிக்கட்டை. வலது இருக்கை காலியாக இருக்கும்போதும் குரல் தன் வேலையைச் செய்தது: லாரிக்குப் பின்னால் வந்தால் ‘பொறுங்க’ என்றது, வழி கிடைத்தால் ‘போலாங்க’ என்றது, ஒருமுறையும் தவறவில்லை. இப்படி ஒரு வசதி புதுக் காரில்கூட இல்லை என்று தரகர் மகிழ்ச்சியோடு எடுத்துப் போனார். ஆனால் குரல் லாரிகளோடு நிற்கவில்லை. மாத்திரை போட்டீங்களா என்று கேட்டது. ரெண்டு நாளா சரியாத் தூங்கலையே, என்ன யோசனை என்று கேட்டது. சில மாதம் கழித்துத் தரகர் காரைத் திருப்பிக் கொண்டுவந்து ஷெட்டில் விட்டார். “கார்ல ஒரு குத்தமும் இல்லம்மா. நான் பதில் சொல்ல ஆரம்பிச்சுட்டேன். வேற ஒருத்தர்கிட்ட கேக்கற கேள்விக்கு நான் பதில் சொல்றது திருட்டு மாதிரி இருக்கு” என்றார். அடுத்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். வலப்பக்கம் உட்கார்ந்த மனைவி மதில் முனையைக்கூடத் தாண்டவிடவில்லை. “நிறுத்துங்க வண்டிய! நான் வாயே திறக்கல, என் மடியிலிருந்து எவளோ உங்களை ‘என்னங்க’ங்கறா, நீங்களும் ‘ம்’ங்கறீங்க!” கணவர் தான் ‘ம்’ சொல்லவில்லை என்று இன்றுவரை சாதிக்கிறார்.

மூன்றாவதாக வந்தவர் படப்பிடிப்புகளுக்குப் பழைய கார்களை வாடகைக்கு விடுகிறவர், பெரிய மீசைக்காரர். காரைச் சுற்றிவந்து தட்டிப் பார்த்துவிட்டு, “ஸ்டியரிங்கை வலப்பக்கம் மாத்திக் குடுங்க, மறுநாளே எடுத்துக்கறேன். பாதிச் செலவு என்னோடது. குரல் இருந்தா இருந்துட்டுப் போகட்டும், என் டிரைவருங்க வீட்ல கேக்காத குரலா?” என்றார். மகள் தாயைப் பார்த்தாள். ஷெட் வாசலில் நின்றிருந்த தாய், குரலில்லாமல், சரி என்று தலையை மட்டும் அசைத்தாள்.

ஸ்டியரிங்கை மாற்றுவது என்றால் கையில் பிடிக்கும் சக்கரத்தைக் கழற்றி அந்தப் பக்கம் மாட்டுவது என்று பலர் நினைக்கிறார்கள். ஸ்டியரிங் தண்டின் அடியில் ஒரு பல்சக்கரப் பெட்டி உண்டு. நாம் வட்டமாகச் சுற்றுவதை அது முன் சக்கரங்களை அசைக்கும் நீள் தள்ளலாக மாற்றித் தருகிறது. இடப்பக்கப் பெட்டியை அப்படியே வலப்பக்கம் வைத்தால் வண்டி நேர்மாறாகத் திரும்பும். கண்ணாடியில் தெரிகிற உருவத்தைப் போன்ற இன்னொரு பெட்டி வேண்டும். இன்ஜினுக்கும் ஆளுக்கும் நடுவிலுள்ள தகட்டில் புதுத் துளைகள் போட்டு, பழையவற்றை அடைக்க வேண்டும். டாஷ்போர்டை அறுத்து மறுபடி செய்ய வேண்டும். வைப்பர்கள் எதிர்ப்பக்கமாகத் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் மழையில் ஓட்டுபவர் முன்னால்தான் துடைக்காத முக்கோணம் நிற்கும். விளக்குக் கண்ணாடிகளை மாற்ற வேண்டும். மாறாதவை இரண்டே: கிளட்ச், பிரேக், ஆக்ஸிலரேட்டர் என்ற மிதிகளின் வரிசை எந்தப் பக்கம் வைத்தாலும் இடமிருந்து வலம் அதேதான், நடுவிலிருக்கும் கியர் இருந்த இடத்திலேயே இருக்கும், பிடிக்கிற கைதான் மாறும்.

வேலையை ஒப்புக்கொண்ட மெக்கானிக் இருக்கைகளைக் கழற்றிப் பட்டறைச் சுவரோரம் அருகருகே வைத்தார். வலது இருக்கை அங்கிருந்தும் பேசியது. தகட்டில் துளை போட டிரில்லை வைத்தால் ‘பொறுங்க’ என்றது. அவர் திரும்ப அளந்து பார்த்தார். குறி ஒரு நூல் தள்ளி இருந்தது. திருத்திய பிறகு ‘போலாங்க’ என்றது. இரண்டாம் வாரத்திலிருந்து குரல் சொல்லாமல் அவர் எதையும் துளைக்கவில்லை. அந்த நாட்களில் தாய்க்குப் பேச இடமே இல்லை. குடியிருப்பில் தட்டுமுட்டுச் சாமான்களைப் பெட்டிகளில் கட்டிக்கொண்டிருந்தாள். மகள் போனில் கூப்பிட்டால் எடுத்துக் காதில் வைத்துக்கொள்வாள், மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்கும். இனி எப்போதும் இப்படித்தான் என்பது அப்போதுதான் மகளுக்கு உறைத்தது. வாரக்கடைசியில் பஸ் ஏறிப் பட்டறைக்கு வந்து, ஒரு பழைய டயரைப் போட்டு, வலது இருக்கைக்கு எதிரே உட்கார்ந்துகொண்டாள். இருக்கை அவளிடம் எதுவும் சொல்லவில்லை. டிரில்லை மட்டும் பார்த்துக்கொண்டது. “முன்னாடி உக்காந்தா பேசாதுங்க. பக்கத்துல உக்காந்து பாருங்க” என்றார் மெக்கானிக், தகட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். மகள் தரையில் கிடந்த இடது இருக்கையில் போய் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து வலப்பக்கமிருந்து குரல் வந்தது: “என்னங்க, நம்ம பொண்ணு தனியாவே இருந்துடுவாளோ?” மகள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

வேலை முடிந்து கார் ஷெட்டுக்கு வந்தபோது தாய் வழக்கம்போல் வலது கதவைத் திறந்து ஏறினாள். அவள் முன்னால் ஒரு ஸ்டியரிங் இருந்தது. இரண்டு கைகளையும் அதன்மேல் வைத்துக்கொண்டாள், வேறெங்கும் வைக்க இடமில்லாததால். மீசைக்காரர் மறுநாள் வந்து, தாய் இறங்கிய பிறகு, அவளிருந்த இடத்தில் உட்கார்ந்து ஓட்டினார். குரல் குடியிருந்தது வலது இருக்கையில். இப்போது வலது இருக்கையில் இருந்தவர் அவர். முதல் லாரிக்குப் பின்னால் வந்ததும் அவருடைய மீசைக்குக் கீழிருந்து ஒரு பெண் குரல் இடப்பக்கம் திரும்பி, ‘பொறுங்க, ஒண்ணு வருது’ என்றது. இடப்பக்கம் உட்கார்ந்திருந்தவன் அவருடைய டிரைவர். அவன் சிரிக்கவில்லை, அதுதான் அவரை அதிகம் பாதித்தது, ‘சரிம்மா’ என்றான். மீசைக்காரர் காரை ஷெட்டுக்கே திருப்பிக் கொண்டுவந்து நிறுத்தி, சாவியை மகளிடம் கொடுத்து, தன் பாதிச் செலவைத் திருப்பிக் கேட்காமலே போனார்.

பழைய கார்களைச் சேகரிக்கும் பல் டாக்டர் ஒருவர் மிச்சமிருந்தார். அவர் டாஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, பல்லைப் பிடுங்க வேண்டும் என்று சொல்வதற்கு முன் வைத்துக்கொள்ளும் முகத்தோடு எழுந்தார். “அடடா, அறுத்துட்டீங்களே. இடது ஸ்டியரிங்காவே விட்டிருந்தா ஒரு வார்த்தை பேசாம வாங்கியிருப்பேன். இதை ஓட்டறதுக்கா வாங்குவாங்க? பாக்கறதுக்கு வாங்குவாங்க. இப்ப இது ஒரிஜினல் இல்லையே.” இடது ஸ்டியரிங்காக இருந்தவரை ஓட்டுகிறவர்கள் வாங்கவில்லை, வலதுக்கு மாற்றியதும் வைத்துக்கொள்கிறவர்கள் வாங்கவில்லை. உலகத்தில் இருப்பது இந்த இரண்டு வகை ஆட்கள்தான். மகள் விளம்பரத்தை நிறுத்தினாள்.

அன்று மாலை தாய் வலது இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். மகள் மறுபக்கம் ஏறி, தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டாள். “இதுல கிளட்ச் எதுடி?” என்றாள் தாய்.

மற்றவர்களுக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்கும்போது கைகால் சீக்கிரம் வந்துவிடும், சாலையைப் படிப்பதுதான் ஆண்டுக்கணக்கில் ஆகும். தாய்க்குச் சாலை முழுவதும் ஏற்கெனவே தெரிந்திருந்தது. மிதி மூன்றும் கியர் நான்கும்தான் பாக்கி. குடியிருப்பின் மதிலைச் சுற்றிச் சுற்றி ஓட்டினாள். மதிலின் ஒரு மூலை கொஞ்சம் உதிர்ந்தது, எப்படியும் இடிக்கப்போகிற மதில்தான் என்று யாரும் எதுவும் சொல்லவில்லை. மகள் இடது இருக்கையில் இருந்தாள். அவள் கையில் ஸ்டியரிங் இல்லை, காலில் மிதி இல்லை, கேட்பதைத் தவிர வேலை இல்லை. தாய் முன்னால் பார்த்தபடி பேசினாள். அப்பாவின் காது, டேப் ஒட்டிய விளக்கு, டாங்கருக்குப் பின்னால் ‘பொறுங்க’ என்று சொல்லிக்கொண்டே வந்த அந்த நேரம், போகலாம் என்று இன்னும் கொஞ்சம் முன்னால் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது, எல்லாவற்றையும் சொன்னாள். மகள் நடுவில் பேசவில்லை. உரிமச் சோதனைக்கு வந்த அதிகாரி, ஓட்டுகிறவரின் குரல் காருக்குள் மட்டும் வருவதில் சட்டச் சிக்கல் எதுவும் இல்லை என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

மழைக்கு முன் அவர்கள் குடியிருப்பைக் காலி செய்தார்கள். பெட்டிகள் பின் இருக்கையில், மகள் இடப்பக்கம், தாய் வலப்பக்கம். அடுக்ககத்து நிறுத்துமிடத்தில் இப்போது இடது கதவு திறக்கத் தேவையில்லை, மகளை மேலேயே இறக்கிவிட்டுத் தாய் வண்டியை உள்ளே விட்டு வலப்பக்கமாக இறங்கிக்கொள்ளலாம். இதை யாரும் திட்டமிடவில்லை. நெடுஞ்சாலையில், மருத்துவமனைக்குத் திரும்பும் வளைவுக்குச் சற்று முன்னால், ஒரு டாங்கர் வழியை அடைத்துக்கொண்டு போனது. தாய் இப்போது நடுக்கோட்டுப் பக்கம் இருந்தாள். எதிரே இருந்ததெல்லாம் அவளுக்கே தெரிந்தது, யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை, யாரும் சொல்லவும் வேண்டியதில்லை. இருந்தும் வேகத்தைக் குறைத்து, “பொறுங்க” என்றாள். ஒரு பஸ் கடந்து போனது. அதன் பின்னால் ஒரு கார் போனது. பிறகு சாலை வெறுமையாக நீண்டு கிடந்தது.

“போலாங்க, வழி இருக்கு” என்றாள்.

மகள் கதவோரமாக நகர்ந்து, இருக்கையில் இன்னொருவருக்கு இடம் விட்டு உட்கார்ந்தாள். கார் டாங்கரைத் தாண்டிப் போனது.